சி.சுப்பிரமணியம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடிக்கு அருகே, காபியும் மிளகும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்குப் பழனி மக்களவைத் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் சி.சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அப்போது மலையடிவாரத்தில் ஆயக்குடியில் குடியிருந்த என் தாத்தா 1977-இல் அவருக்கு வாக்களித்தவர். நண்பர்களோ ஒரே குரலில் எதிர்த்தார்கள். அமெரிக்காவின் பேச்சைக் கேட்டு நம் மண்ணில் உரத்தையும் பூச்சிமருந்தையும் கொட்டவைத்தவர், குலக்கல்வித் திட்டத்துக்குத் துணைபோனவர், பதவிக்காக ராஜாஜி, காமராஜர், இந்திரா, சரண் சிங் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தவர் என்பது அவர்கள் வாதம். கைப்பேசியில் சுற்றிவரும் ஒரு காணொளியும் அதையே சொல்கிறது. நாட்டின் பசியைத் தீர்த்தவர், பாரத ரத்னா பெற்றவர் என்றே நாங்கள் பள்ளியில் படித்தோம். கூட்டத்தில் அவரை எப்படி முன்வைப்பது என்று தெரியவில்லை. தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
கீழ்மலையிலிருந்து ஒரு வாசகர்
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் கோபப்படுவதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றி மலைக்கிராமத்து இளைஞர்கள் இவ்வளவு சூடாக விவாதிக்கிறார்கள் என்பதே நல்ல செய்திதான். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. சி.எஸ். என்று அழைக்கப்பட்ட சுப்பிரமணியம் மீது சுமத்தவேண்டிய ஆகக் கடுமையான குற்றச்சாட்டு அவர்களுடைய பட்டியலில் இல்லை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடிநிலை நீடித்த காலம் முழுவதும் இந்தியாவின் நிதியமைச்சராக இருந்தவர் அவர். அதைப் பற்றிக் காணொளியும் பேசவில்லை, பள்ளியிலும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் துணிந்து செய்த காரியத்துக்காக அவரைத் திட்டுகிறோம். துணியாமல் இருந்த இடத்தை எல்லோருமாகச் சேர்ந்து மறந்துவிட்டோம். இப்பதில் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் மண்ணையும் மருந்தையும் பார்ப்போம். சி.எஸ். 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு மற்றும் வேளாண்மைத் துறையை ஏற்றார். அத்துறை மூத்த அரசியல்வாதிகள் அஞ்சி ஒதுங்கிய துறை. நாடு பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின்கீழ் வந்த கோதுமையை நம்பிக் காலந்தள்ளிக்கொண்டிருந்தது. 1964-65-இல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல், மழை பொய்த்ததால் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1966-இல் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அதிபர் ஜான்சன் அந்தக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், இந்தியா என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். ‘அமெரிக்காவின் பேச்சைக் கேட்டார்’ என்று சொல்பவர்கள் இந்த நிலையை மனத்தில் கொள்ளவேண்டும். கேட்காமல் இருப்பதற்கான வலிமை அன்று நாட்டுக்கு இல்லை. அந்த வலிமையை உண்டாக்குவதற்கான வழியாகத்தான் அவர் விதையைப் பார்த்தார்.

அவர் எடுத்த முடிவுகளில் விதையைவிட விலை முக்கியமானது என்பது என் எண்ணம். உழவர் தம் விளைச்சலை என்ன விலைக்கு விற்கமுடியும் என்று முன்கூட்டியே தெரியாமல், கடன் வாங்கி உரம் போடமாட்டார் என்பதை, பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர் அறிந்திருந்தார். எனவே 1965-இல் விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலைக்குழுவும், அந்த விலையில் தானியத்தை வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகமும் வந்தன. உணவுக் கழகம் தஞ்சாவூரில்தான் தன் பணியைத் தொடங்கியது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. அதற்குப் பிறகுதான் மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமை. அமெரிக்க வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக்கின் வயல்களில் உருவான சொனோரா-64, லெர்மா ரோஜோ ஆகிய ரகங்களில் 18,000 டன் விதையை 1966-இல் ஒரே மூச்சில் இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களும் வேளாண் துறைச் செயலர் பி.சிவராமனும் துணைநின்றனர். எதிர்த்தவர்களும் குறைவில்லை. அந்நியச் செலாவணியைக் காட்டி நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி மறுத்தார், இடதுசாரிகள் இதை அமெரிக்கச் சதி என்றனர். சி.எஸ். தம் டில்லி வீட்டின் புல்தரையை உழுது அங்கேயே கோதுமை விதைத்துக் காட்டினார் என்பது இன்று வேடிக்கைக் கதைபோலச் சொல்லப்படுகிறது. எனக்கு அது நல்ல அரசியலாகவே தோன்றுகிறது. 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னையும், 1971-72-இல் 2.6 கோடி டன்னையும் தாண்டியது.

இதில் நம் மலைக்கும் ஒரு பங்கு உண்டு. பழனி மலையிலும் நீலகிரியிலும் ஒரு காலத்தில் கோதுமை பயிரிடப்பட்டது. சமவெளியின் கோடை வெயிலில் மடிந்துபோகும் துருநோய் என்ற பூஞ்சைநோய், குளிர்ந்த இம்மலைகளின் கோதுமைப் பயிரில் ஆண்டு முழுவதும் உயிர்பிழைத்திருந்து, அடுத்த பருவத்தில் காற்றோடு வடக்கு நோக்கிப் பரவுகிறது என்று ஆக்ராவைச் சேர்ந்த தாவர நோயியலாளர் கே.சி.மேத்தா விடுதலைக்கு முன்பே கண்டறிந்து சொல்லியிருந்தார். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கோதுமைக்கென ஓர் ஆய்வு நிலையத்தை வைத்ததற்கு அந்தத் துருநோயே காரணம். டில்லியில் கோதுமை விதைக்கமுடியாத மாதங்களில் இங்கே ஒரு தலைமுறைப் பயிரை எடுத்துவிடலாம் என்ற வசதியும் அங்கே பயன்பட்டது. பஞ்சாபின் வயல்களைப் பற்றிப் பேசும்போது மேற்கு மலைகளை யாரும் நினைப்பதில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

அப்படியென்றால் நம் மண்ணின் நஞ்சுக்கு அவர் பொறுப்பில்லையா? மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வயல்களில் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பூண்டுக்கும் அடிக்கப்படும் மருந்தின் மணம் சாலையில் செல்பவர்களையே தாக்குவதை நானும் அறிவேன். ஆனால் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் இம்மலைக்கு வெள்ளையர் காலத்திலேயே வந்துவிட்ட சந்தைப் பயிர்கள். அவை சி.எஸ். வகுத்த திட்டத்தில் இல்லை. அவருடைய திட்டம் நீர்ப்பாசனம் உறுதியான மாவட்டங்களின் கோதுமைக்கும் நெல்லுக்குமானது. உண்மையில் அவரை விமர்சிக்க வேண்டிய இடம் இதற்கு நேரெதிரான பக்கத்தில் இருக்கிறது. மானாவாரி நிலத்தையும் மலைச்சரிவையும் அந்தத் திட்டம் கண்டுகொள்ளவே இல்லை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றுக்கு நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த விலை உறுதியும் ஆராய்ச்சியும் கிடைக்கவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, சரிவில் சாமை விதைத்துப் பன்றிக்கும் பறவைக்கும் காவல் காக்க யாருக்கும் மனம் வரவில்லை. உங்கள் நண்பர்கள் இந்த வாதத்தை வைத்தால் நான் அவர்கள் பக்கம். அதையும்கூட, பட்டினியின் விளிம்பில் நின்ற நாட்டில் முதலில் எங்கே நீர் இருக்கிறதோ அங்கே கவனம் செலுத்தியவர் மீது முழுமையாகச் சுமத்தமுடியாது. நாடு தன்னிறைவு அடைந்த பின்னரும் அதே வழியைத் திருத்தாமல் தொடர்ந்த பின்வந்தோரின் பங்கே அதில் பெரிது.

குலக்கல்விக்கு வருகிறேன். ராஜாஜி 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று கொண்டுவந்த திட்டம் அது. ராஜாஜியின் நம்பிக்கைக்குரிய அமைச்சராக இருந்த சி.எஸ். அதற்கான பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. ராஜாஜி விலகியபின் 1954-இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து ராஜாஜி அணியின் சார்பில் நின்றவரும் அவரே. 93 வாக்குகளுக்கு 41 என்று தோற்றார். காமராஜர் செய்ததுதான் விசேஷம். தம்மை எதிர்த்து நின்றவரையே அமைச்சராக்கிக் கல்வித் துறையையும் கொடுத்தார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று 1954 மே மாதம் அறிவித்தவர் அந்தக் கல்வியமைச்சர் சி.எஸ். தான். அதன்பின் 1962 வரை, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு மதிய உணவையும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் ஊர் ஊராகக் கொண்டுசென்ற காலத்தில், துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவரே. காமராஜரின் கல்விப் பணி என்று நாம் பெருமைப்படுவதில் சி.எஸ்.ஸின் கையெழுத்தும் இருக்கிறது. காணொளி தயாரித்தவர் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இந்தக் கதையிலேயே அவருடைய குணத்தின் மறுபக்கமும் தெரிகிறது. முதலில் ஒரு திட்டத்தைத் தாங்கி நின்று, பிறகு அதே திட்டத்தை மூடும் பொறுப்பையும் அவரால் சங்கடமில்லாமல் ஏற்கமுடிந்தது. சி.எஸ். கூட்டம் சேர்க்கும் தலைவர் அல்லர். மேடையில் மக்களை ஆட்டிவைக்கும் பேச்சு அவரிடம் இருந்ததில்லை. சாதியையோ ஊரையோ திரட்டி அவர் அரசியல் செய்யவில்லை. இயற்பியலும் சட்டமும் படித்து, 1932-இல் சட்டமறுப்பில் சிறை சென்று, அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, கோப்புகளைப் படித்துப் படித்து உயர்ந்தவர். அப்படிப்பட்டவருக்கு எப்போதும் மேலே ஒருவர் தேவைப்பட்டார். அந்த மேலிடம் ராஜாஜியிடமிருந்து காமராஜருக்கும், நேருவுக்கும், சாஸ்திரிக்கும், இந்திராவுக்கும் மாறியது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது காமராஜர் கொதித்தார்; சி.எஸ். அம்முடிவை ஆதரித்த மிகச் சிலருள் ஒருவர். 1969-இல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜர் ஒருபுறமும் அவர் மறுபுறமும் நின்றனர். இந்திரா பக்கக் காங்கிரஸின் இடைக்காலத் தலைவராகச் சில வாரங்கள் இருந்ததும் அவரே. 1971-இல் தி.மு.க. கூட்டணியில் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். இவற்றைப் பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. என் கணிப்பு சற்று வேறு. கொள்கையில் தம்மைவிடப் பெரியவர்களோடும் மோதக்கூடியவராக இருந்தவர், அதிகாரத்தின் இருப்பிடம் மாறும்போது அதனோடு மோதவே தெரியாதவராக இருந்தார். துறை இல்லாவிட்டால் தம்மால் எதுவும் செய்யமுடியாது என்ற எண்ணம் அவரை ஆட்டிவைத்திருக்கவேண்டும்.

இதற்கு ஒரேயொரு பெரிய விதிவிலக்கு உண்டு. 1965 ஜனவரி 26-இல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. மாணவர்கள் சுடப்பட்டார்கள், தீக்குளித்தார்கள். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்களான சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகினர். சாஸ்திரி அந்த விலகல்களை ஏற்குமாறு குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்ப, அவர் மறுத்தார். அன்றே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டதற்குப் பின்னால் தெருவில் உயிர்விட்டவர்களின் பங்குதான் பெரிது. அதோடு அமைச்சரவைக்குள் விழுந்த இந்த அடிக்கும் ஓர் இடமுண்டு. விலகல் திரும்பப் பெறப்பட்டது என்று இன்றும் சிலர் கேலி செய்கிறார்கள். கேட்டது கிடைத்தபின் திரும்புவதில் எனக்குத் தவறு தெரியவில்லை. மெக்சிகோ விதை வந்ததே அவர் திரும்பிவந்த பிறகுதான்.

பதவியை எறிந்தால் பிரதமர் இறங்கிவருவார் என்று அனுபவத்தில் அறிந்த ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து என்ன செய்தார்? 1974 அக்டோபரில் அவர் நிதியமைச்சராகியிருந்தார். விலைவாசி ஆண்டுக்கு 25 விழுக்காடு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஓராண்டுக்குள் அந்த ஏற்றம் நின்று சற்று இறங்கவும் செய்தது. 1975 அக்டோபர் 2 அன்று முதல் ஐந்து மண்டல ஊரக வங்கிகள் திறக்கப்பட்டன. இவை அவருடைய சாதனைப் பட்டியலில் உரிய இடம் பெறுகின்றன. அதே மாதங்களில் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. தொழிலாளருக்கான குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் வெட்டப்பட்டது. மலைத்தோட்டத் தொழிலாளர்கள் போனஸை எப்படி எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வேலைநிறுத்தம் செய்யமுடியாத காலம் பார்த்து அது வெட்டப்பட்டது. 1976-77 வரவுசெலவுத் திட்டத்தில் வருமானவரியின் உச்சவிகிதம் 77-இலிருந்து 66 விழுக்காடாகக் குறைந்ததை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மிக மூத்த அமைச்சர் அவர், விலகவில்லை.

அவருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவை உண்டு. 1975 முடிவதற்குள் வருவாய், வங்கி ஆகிய துறைகள் அவர் பிடியிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரணாப் முகர்ஜியிடம் தனிப்பொறுப்பாகச் சென்றன. பாரத ஸ்டேட் வங்கித் தலைவர் ஆர்.கே.தல்வார் சட்டத்தையே திருத்தி வெளியேற்றப்பட்டது அந்தக் காலத்தில்தான். தம் அமைச்சகத்தின் பாதி கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு மீதிப் பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார். இதைப் பாதுகாப்பு வாதமாகச் சொல்பவர்கள் உண்டு; எனக்கு இது குற்றத்தைக் கூட்டுவதாகத்தான் படுகிறது. நடப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பின்னர் நெருக்கடிநிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா விசாரணைக் குழுவின் முன் இந்திரா காந்தி சத்தியப்பிரமாணம் எடுக்க மறுத்தபோது, சாட்சியம் அளித்த முன்னாள் அமைச்சர்களில் சி.எஸ்.ஸும் ஒருவர். அதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் ஆட்சி போனபின் சொன்ன உண்மை, ஆட்சியில் இருக்கும்போது எழுதாத விலகல் கடிதத்துக்கு ஈடாகாது.

1977 மார்ச்சில் வடஇந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்டு கட்சிக் கூட்டணி ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றது. அந்த அலையில்தான் சி.எஸ். பழனியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நெருக்கடிநிலையின் நிதியமைச்சரை நம் மலையடிவாரம் கேள்வி கேட்காமல் அனுப்பிவைத்தது. உங்கள் தாத்தாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, எம்.ஜி.ஆர். இருந்த கூட்டணி என்பதே அன்று பலருக்குப் போதுமான காரணமாக இருந்தது. அந்த மக்களவைத் தொகுதியே 2008-இன் சீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது. இன்று கொடைக்கானல் மலை பழனி சட்டமன்றத் தொகுதிக்குள், திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.

அதற்குப் பிந்தைய அத்தியாயங்களை வேகமாகக் கடக்கலாம். 1978-இல் இந்திரா மீண்டும் கட்சியைப் பிளந்தபோது இம்முறை அவர் உடன்செல்லவில்லை. 1979 ஜூலையில் சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சரானார். நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே பதவி விலகிய அந்த அரசில் சேர்ந்திருக்கவேண்டியதில்லை என்பது என் கருத்து; ‘ஆள் மாறினார்’ என்ற குற்றச்சாட்டு மிகப் பொருத்தமாக ஒட்டுவது இங்கேதான். 1980-க்குப் பிறகு அவர் மக்களவைக்குத் திரும்பவில்லை. 1990-இல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைப் பற்றித் தனிப்பட்ட உரையாடலில் அவர் சொன்ன குறைகள் பத்திரிகையில் வெளியாகவே 1993 ஜனவரியில், பம்பாய் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நாட்களில், விலகினார். 1998-இல் பாரத ரத்னா வந்தது. 2000 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

கூட்டத்துக்கு என் யோசனை இதுதான். காணொளிக்கு மறுப்புச் சொல்வதில் நேரத்தைச் செலவிடவேண்டாம். சரிவில் சாமை விதைத்த பழக்கம் உள்ள பெரியவர் ஒருவரையும், 1975-இல் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். சி.எஸ். மூன்று பகுதிகளாகத் தன்வரலாறு எழுதியிருக்கிறார். அதில் நிதியமைச்சர் காலத்தைப் பற்றிய பகுதியையும், 1978-இல் வெளிவந்த ஷா குழுவின் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். 1965-இல் விலகியவர் 1975-இல் ஏன் விலகவில்லை என்ற கேள்விக்கு உங்கள் நண்பர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன், எழுதுங்கள்.

அன்புடன்.